மொட்டை மாடியில மர டெக்கு, எஸ்எஸ் ரெய்லிங், கிச்சன் வேற… எதை முதல்ல தொடுறது? காட்பாடி வீடு

காட்பாடிவாசி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போயிடும் பொறுத்துக்கங்க.

வீடு காட்பாடி காந்தி நகர் பக்கம். 1994ல கட்டினது, கீழ வாடகைக்கு விட்டிருக்கோம், மேல நாங்க ரெண்டு பேர், அதுக்கு மேல மொட்டை மாடி. நான் ரிடையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. பையன் டெக்சாஸ்ல இருக்கான், போன வருஷம் வீடு வாங்கினான், அந்த வீட்டுக்குப் பின்னாடி மரப்பலகையில தளம் மாதிரி போட்டு சுத்தி கைப்புடி வச்சு நாற்காலி எல்லாம் போட்டிருக்காங்க, அதுக்குப் பேரு டெக்காம். வீடியோ கால்ல அதைக் காட்டிட்டு, அப்பா நம்ம மொட்டை மாடியிலயும் இதே மாதிரி போட்டுடலாம், நாலு லட்சம் அனுப்புறேன், டிசம்பர்ல நாங்க வர்றதுக்குள்ள முடிச்சிடுங்கன்னு சொல்லிட்டான். சின்னப் பசங்க ரெண்டு பேர் வர்றாங்க, ஒண்ணு அஞ்சு வயசு ஒண்ணு ரெண்டு வயசு.

இப்ப பிரச்சினை என்னன்னா மாடி கைப்பிடிச் சுவர் ரெண்டரை அடிதான் இருக்கு, நாலரை இன்ச் செங்கல் சுவர். பசங்களுக்கு அது பத்தாதுன்னு அதுக்கு மேல எஸ்எஸ், அதான் எவர்சில்வர், ரெய்லிங் போடலாம்னு ரெண்டு பேர்கிட்ட ரேட் கேட்டேன். ஒருத்தர் 304 ரகம்னு சொல்லி பாக்கெட்ல இருந்து காந்தம் எடுத்து வச்சு பாருங்க ஒட்டல சார் ஒரிஜினல்னு சொன்னார். இன்னொருத்தர் ரன்னிங் அடிக்கு 350 ரூபா கம்மியா சொல்றார், அவர் பைப்புலயும் காந்தம் ஒட்டல. அப்ப எதுக்கு அந்த 350?

முன்பக்க பால்கனியில இருக்கிறது பழைய இரும்பு ஸ்கொயர் பைப் ரெய்லிங். வருஷா வருஷம் பொங்கலுக்கு பெயிண்ட் அடிக்கிறேன், ஆனா கால் பகுதியில மட்டும் ஆறே மாசத்துல துரு புடிச்சு பெயிண்ட் உரிஞ்சு வந்துடுது, தரையில வேற காப்பி டிகாஷன் ஊத்தின மாதிரி கறை.

வீட்டுக்காரம்மா என்ன சொல்றாங்கன்னா டெக்காவது கிக்காவது, முதல்ல சமையல்கட்டைப் பாருங்கன்னு. அதுவும் நியாயம்தான். சிங்க்குக்கு கீழ இருக்கிற ப்ளைவுட் அலமாரி அடி ஊறி பப்பாளி மாதிரி வீங்கி நிக்குது, கதவு சாத்த முடியல. கடப்பா கல் மேடை, முப்பது வருஷமா எலுமிச்சம்பழமும் புளியும் பட்டு அங்கங்க வெளுத்துப் போயிருக்கு. போதாததுக்கு போன மழையில சமையல்கட்டு சீலிங்ல ஒரு மூலையில தட்டு அகலத்துக்கு ஈரம் வந்து காஞ்சு மஞ்சளா நிக்குது.

எதுல ஆரம்பிக்கிறது? டெக் போடலாமா வேணாமா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெல்டிங்பட்டறை:

சார் வணக்கம், நமக்கு சத்துவாச்சாரில பட்டறை, இருவது வருசத்துக்கு மேல இதான் வேல. நீங்க காட்பாடின்னதால எழுதுறேன், எனக்கு வேல குடுங்கன்னு இல்ல.

காந்தம் மேட்டர்ல உங்கள நல்லா சுத்தி வுட்டுகினு கீறாங்க. 304ம் காந்தத்துல ஒட்டாது, 202ன்னு இன்னொரு ரகம் கீது, அதுவும் ஒட்டாது. ரெண்டுமே ஒரே ஜாதி. 304ல குரோமியம் 18, நிக்கல் 8ன்னு இருக்கும். 202ல நிக்கல கொறச்சிட்டு மாங்கனீஸ் ஜாஸ்தி போட்டுருப்பான், அதான் வெல கம்மி. அத்தொட்டு ஒட்டலன்னா 304ன்னு அர்த்தமே இல்ல. இன்னும் ஒண்ணு கேளுங்க, ஒரிஜினல் 304 பைப்ப வளைச்ச எடத்துலயும் வெல்டிங் வெச்ச எடத்துலயும் காந்தம் லேசா புடிக்கும், அத பாத்து சில பேர் டூப்ளிகேட்டுன்னு சண்டைக்கு வந்துடறாங்க. ஹார்டுவேர் கடையில டெஸ்ட் பண்ற சொட்டு மருந்து கெடைக்கும், ஒரு சொட்டு வுட்டு சின்ன 9 வோல்ட் பேட்டரிய தொட்டா மாங்கனீஸ் ஜாஸ்தியா கீறதுல கலர் மாறி காட்டிக்குடுத்துடும். ரேட் குடுக்குறவர் முன்னாடியே அத வெச்சு பாருங்க, பில்லுல 304ன்னும் பைப் கனம் எத்தினி எம்எம்முன்னும் எழுதி வாங்குங்க. கனம் ரொம்ப முக்கியம். 304ஆவே இருந்தாலும் தகரம் மாதிரி 1 எம்எம்ல போட்டா கொழந்த சாஞ்சாலே டொக்கு வுழும்.

நம்ம ஊர்ல கடல் காத்து கெடையாது, 316 ரகம் எல்லாம் தேவையே இல்ல, யாரனா சொன்னா கும்புடு போட்டு அனுப்பிடுங்க.

அப்பால இத்த கண்டிப்பா கவனிங்க. எஸ்எஸ் மாட்டின அப்புறம் அதே மாடியில இரும்ப கிரைண்டர்ல வெட்டாதீங்க, வெட்டசொல்ல பறக்குற பொறி எஸ்எஸ் மேல ஒக்காந்து பொட்டு பொட்டா துரு காட்டும், கஸ்டமர் என்னிய திட்டுவார். டைல்ஸ் போட்ட மேஸ்திரி கடைசில ஆசிட் ஊத்தி கழுவுவார் பாருங்க, அந்த ஆவி பட்டாலே எஸ்எஸ் செத்துடும். எல்லா கழுவல் வேலையும் முடிஞ்ச பின்னாடிதான் ரெய்லிங் மாட்டணும். எனக்கே ஒரு வீட்ல நடந்து கீது, மாட்டி நாலு நாள்ல பழுப்பாயிடுச்சு, மறுபடி பாலிஷ் என் கைக்காசுல.

பால்கனி இரும்பு ரெய்லிங் கத வேற. நீங்க வெளிய பெயிண்ட் அடிச்சிகினு கீறீங்க, துரு உள்ளார இருந்து வருது. ஸ்கொயர் பைப் மேல எங்கனா வெல்டிங்ல ஊசி ஓட்ட இருக்கும், மழ தண்ணி அது வழியா எறங்கி பைப்புக்குள்ள நின்னுடும், கீழ சிமெண்ட்ல பொதச்சிருக்கறதால வெளிய போவ வழியில்ல. ஒரு ஸ்க்ரூடிரைவர் புடிய வெச்சு கால்ல தட்டுங்க, மேல கணீர்னும் கீழ மந்தமாவும் சத்தம் வந்தா உள்ள தண்ணி நிக்குது, இல்லன்னா துருத்தூள் ரொம்பி கீது. தரையில இருந்து ஒரு வெரக்கட மேல 5 எம்எம் பிட்ல ஒரு ஓட்ட போடுங்க. அவ்ளோதான். அப்பால சொல்லுங்க இன்னா வந்துச்சுன்னு.

அடுப்பங்கரை அக்கா:

அண்ணா, அண்ணி சொல்றதுதான் சரி, இதை அவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க 😀

எங்க வீடு குடியாத்தம், ரெண்டு வருஷம் முன்னாடி கிச்சன் மாத்தினோம், அப்ப நான் பண்ண தப்பு எல்லாம் சொல்றேன். மாடுலர் கிச்சன்னு ஒரு கடையில ஆர்டர் குடுத்தேன், பேர் வேணாம், பளபளன்னு சிவப்பு கதவு. ப்ளைவுட்னு சொல்லிட்டு அடிப்பலகை மட்டும் தூள் பலகை போட்டிருக்காங்க, மேல ஷீட் ஒட்டியிருந்ததால தெரியல. முதல் மழைக்காலத்துலயே உங்க பப்பாளிதான் எங்க வீட்லயும். அப்புறம்தான் ஒரு ஆசாரி சொல்லிக் குடுத்தார், ப்ளைவுட்ல ஐஎஸ் 303, ஐஎஸ் 710னு முத்திரை இருக்கும், 710தான் மரைன், தண்ணி படுற இடத்துக்கு அதுதான். அதுலயும் வெட்டின விளிம்பை மூடாம விட்டா அந்த வழியா ஈரம் ஏறிடும்.

ஆனா என்னைக் கேட்டா சிங்க்குக்கு கீழ அலமாரியே வேணாம்ணா. திறந்தே விடுங்க. காத்து போகும், ஒழுகினா அன்னிக்கே கண்ணுல படும், பக்கெட்டும் துடைப்பமும் வைக்க இடம் ஆச்சு. கரப்பான் தொல்லையும் பாதி குறையும். கேஸ் சிலிண்டரையும் காத்து புகாம கதவு போட்டு மூடிடாதீங்க, கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா கீழதான் தங்கும், கதவோட அடியில ஓட்டை கண்டிப்பா இருக்கணும்.

மேடைக்கு கிரானைட் போட்டுக்கங்க, எலுமிச்சைக்கு அது அசையாது. கடப்பா சுண்ணாம்புக் கல் வகை, புளிப்பு பட்டா அரிக்கத்தான் செய்யும், அதுல பாலிஷ் போட்டும் பிரயோஜனம் இல்ல. கழட்டின கடப்பாவைத் தூக்கிப் போடாதீங்க, ஸ்டோர் ரூம்ல தட்டு போட்டுக்கலாம், ஊறுகாய் ஜாடி மட்டும் அது மேல வைக்காதீங்க. மேடை உயரம் அண்ணியை நிக்க வச்சு அளந்து பண்ணுங்க, மேஸ்திரி உயரத்துக்கு பண்ணிட்டு போயிடுவார். எங்க வீட்ல 35 இன்ச் ஆயிடுச்சு, நான் அஞ்சடி, தோசை ஊத்தும்போதெல்லாம் தோள்பட்டை வலி.

முக்கியமான ஒண்ணு. அலமாரி மாத்துறதுக்கு முன்னாடி ஒழுகுறது எங்கன்னு பாருங்க. ராத்திரி பாத்திரம் எல்லாம் கழுவினப்புறம் சிங்க்குக்கு கீழ நியூஸ்பேப்பர் விரிச்சு வைங்க, காலைல எங்க வட்டமா ஈரம் இருக்கோ அதுக்கு நேர் மேலதான். நம்ம போர் தண்ணி உப்பு வேற, கசியுற இடத்துல வெள்ளையா கோடு படிஞ்சிருக்கும், டார்ச் அடிச்சாலே தெரியும்.

சைட்இன்ஜினியர்:

ஆற்காட்டுல இருந்து. மாவட்டம் 2019ல பிரிச்சாலும் எங்களுக்கு இன்னும் வேலூர்தான் வாயில வருது.

சார் நீங்க நாலு பிரச்சினை எழுதியிருக்கீங்க, அதுல சீலிங் ஈரத்தை போற போக்குல கடைசியா ஒரு வரி சொல்லியிருக்கீங்க. எனக்கு அதுதான் முதல்ல பட்டது. டெக் போடப் போற அதே தளத்துக்கு அடியில சமையல்கட்டு, அங்க ஈரம். இப்ப டெக் போட்டு மூடிட்டா அப்புறம் ஒழுகுறது எங்கன்னு கண்டுபிடிக்க பலகையை எல்லாம் பிரிக்கணும்.

1994 வீடுன்னா மாடியில செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்சு மேல தட்டோடுன்னு தட்டையான சுட்ட ஓடு பதிச்சிருப்பாங்க. நல்லா செஞ்சிருந்தா அது அருமையான வேலை, வெயிலுக்கும் அதுதான் காப்பு, இப்ப அந்த மாதிரி இடிக்கிறதுக்கு ஆளும் இல்ல பொறுமையும் இல்ல. கெட்டுப்போறது பெரும்பாலும் ஓட்டுக்கு நடுவுல இருக்கிற ஜாயின்ட்தான், இல்லன்னா சுவரும் தளமும் சேர்ற மூலை, இல்லன்னா மழைத்தண்ணி குழாயோட வாய். முழுசா பேத்து புதுசா போடணும்னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க.

செய்ய வேண்டியது இதுதான். மழைத்தண்ணி குழாய் வாயை துணி வச்சு நல்லா அடைச்சிட்டு சமையல்கட்டுக்கு மேல வர்ற பகுதியை மட்டும் செங்கல் வச்சு சிமெண்ட்ல சின்ன வரப்பு கட்டி ரெண்டு இன்ச் தண்ணி நிறுத்துங்க. ரெண்டு நாள். கீழ சீலிங்ல பென்சில்ல ஈரத்தைச் சுத்தி கோடு போட்டு வச்சுக்கங்க, எந்தப் பக்கம் வளருதுன்னு பாருங்க. தண்ணி நிக்கும்போதே வாட்டமும் தெரிஞ்சிடும், பத்தடிக்கு ரெண்டு இன்ச்சாவது குழாய்ப் பக்கம் சரிவு இருக்கணும். ஐப்பசி மழை புடிக்கிறதுக்கு முன்னாடி பண்ணுங்க. தண்ணி இல்லாத ஆறுன்னு ஊரே கேலி பண்ண பாலாறு 2021 நவம்பர்ல எப்படி வந்துச்சுன்னு காட்பாடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த மழையில எங்க சைட்டுக்கு வந்த போன் எல்லாம் மாடி ஒழுகல்தான்.

அடுத்தது கைப்பிடிச் சுவர். நாலரை இன்ச் செங்கல் சுவர் மேல நேரா போல்ட் அடிச்சு ரெய்லிங் நிறுத்த விடாதீங்க. பார்க்க கெட்டியா இருக்கும், ஆனா மேல ஒரு ஆள் சாஞ்சா அந்த நெம்பு முழுக்க அடிப் போல்டுலதான் இறங்கும், செங்கல் விளிம்போட பேத்துக்கிட்டு வந்துடும். சுவர் மேல நாலு இன்ச்சுக்கு கம்பி கட்டி கான்கிரீட் பெல்ட் போடணும், நடுநடுவுல அந்தக் கம்பியைத் தளத்தோட பிடிமானம் பண்ணணும், இல்லன்னா தூணை உள்பக்கமா இறக்கி நேரா தளத்து கான்கிரீட்ல பிடிக்கணும். ரெண்டாவது வழின்னா ஓட்டை போடுற இடமெல்லாம் தண்ணி இறங்குற இடம், அதை அடைக்கிறது தனி வேலை. மொத்த உயரம் மூணரை அடிக்கு குறையக் கூடாது. ரெண்டு வயசுக் குழந்தைன்னு சொன்னீங்க, நடுவுல கம்பி நெட்டுக்குத்தா வரட்டும், இடைவெளி நாலு இன்ச்சுக்குள்ள. படுக்கையா அஞ்சு பைப் ஓட்டுற டிசைன் இப்ப எல்லா வீட்லயும் இருக்கு, பார்க்க அழகு, குழந்தைக்கு அது ஏணி.

ஆம்பூர்_டு_டல்லஸ்:

நான் இருக்கிறது டல்லஸ், ஊர் ஆம்பூர். உங்க பையன் மாதிரிதான், இங்க டெக் வச்சிருக்கேன், அதனால கொஞ்சம் உண்மையைச் சொல்றேன்.

அங்கிள், இங்க டெக் இருக்கிறது மண்ணு மேல. மரத்தூண் நட்டு, சட்டம் போட்டு, அது மேல பலகை. பலகைக்கு நடுவுல விட்ட சந்து வழியா மழைத்தண்ணி இறங்கி மண்ணுல போயிடும், கீழ யாரும் சமைச்சிட்டு இல்ல 😂 பெரும்பாலும் மருந்து ஏத்தின பைன் மரம், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணி ஸ்டெயின்னு மரத்துக்கான சாயம் அடிச்சே ஆகணும், அடிக்கலன்னா நரைச்சு வெடிச்சு சிலாம்பு ஏறும். என் பொண்ணு கால்ல ஏறிச்சு, ஊசியில எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு லீவு நாள் முழுக்க அதுக்கே போகுது, போட்டோவுல அது தெரியாது.

ரெய்லிங் பத்தி இன்ஜினியர் சார் சொன்னதேதான் இங்கயும். வீடுகளுக்கான பொது விதிப்படி தரையில இருந்து 30 இன்ச்சுக்கு மேல போனாலே கைப்புடி வேணும், உயரம் 36 இன்ச்சாவது, நடுவுல நாலு இன்ச் பந்து நுழையக் கூடாது. நாலு இன்ச் எதுக்குன்னா குழந்தை தலை. அது குறைஞ்சபட்சம்தான், உங்களுது ரெண்டாவது மாடி, மூணரை அடிக்கு குறைக்காதீங்க. இதை மட்டும் பையனுக்கு அனுப்புங்க, அவருக்கும் புரியும்.

பாகாயம்65:

டெக் கேஸ்ல பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகை வாங்கி மாடியில போட்டேன், கரையான் வராது பெயிண்ட் வேணாம்னு கடைக்காரர் அடுக்கினார், அதெல்லாம் நிஜம்தான், பொய் சொல்லல. ஆனா கரும் பழுப்பு கலர் எடுத்துட்டேன். சித்திரை மாசம் மத்தியானம் துணி எடுக்கப் போன என் சம்சாரம் ரெண்டே எட்டுல திரும்பி ஓடி வந்துட்டா, தோசைக்கல் மேல நடந்த மாதிரி இருக்குதுன்னு. கத்திரி வெயில்ல நம்ம ஊர் எப்படின்னு தெரியும்ல. சந்து விடாம நெருக்கிப் போட்டதால வெயில்ல விரிஞ்சு நடுவுல ரெண்டு பலகை ஒட்டகம் மாதிரி தூக்கிக்கிச்சு. இப்ப சாயங்காலம் ஆறுக்கு மேலதான் அங்க ஜனம். வெள்ளை ஓடு போட்டு ஒரு கயித்துக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தா காசும் மிச்சம் தூக்கமும் மிச்சம்.

சைட்இன்ஜினியர்:

பாகாயம் சார் சொன்னதுல ஒண்ணு சேர்த்துக்கறேன். பையன் மனசு கோணாம இருக்கணும்னா ஒரு மூலையில மட்டும் எட்டுக்கு எட்டு போடலாம், ஆனா தளத்துல ஒரு ஸ்க்ரூ கூட இறக்கக் கூடாது. பிளாஸ்டிக் பெடஸ்டல்னு உயரம் ஏத்தி இறக்குற கால் வருது, அதை சும்மா ஓட்டு மேல வச்சு அது மேல சட்டமும் பலகையும். வேணும்னா தூக்கிப் பார்க்கலாம், அடியில தண்ணி ஓடும், இலைதழை சேர்றதை பெருக்கலாம். வெளிர் கலர் எடுங்க, பலகைக்குப் பலகை சந்து விடுங்க. கைப்பிடிச் சுவர்ல இருந்து மூணடி தள்ளிப் போடுங்க, இல்லன்னா டெக் உயரம் கூடின அளவுக்கு சுவர் உயரம் குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். அதை நிறைய பேர் மறந்துடறாங்க.

காட்பாடிவாசி:

பதிமூணு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், எல்லாத்தையும் செஞ்சு பார்த்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

முதல்ல நியூஸ்பேப்பர். அக்கா சொன்ன மாதிரியே காலைல வட்டமா ஈரம், ஆனா நான் சந்தேகப்பட்ட வளைவு பைப்புக்கு நேரா இல்ல, சிங்க் ஓட்டைக்கு நேர் கீழ. கழட்டிப் பார்த்தா உள்ள இருந்த வாஷர் கருவாடு மாதிரி காஞ்சு கிடந்துச்சு. நாப்பது ரூபா. இந்த நாப்பது ரூபாவுக்காக ஒரு அலமாரி போச்சுன்னு நெனச்சா வயிறு எரியுது. கீழ இனி கதவு கிடையாது, அது முடிவாயிடுச்சு. மேடை உயரம் அளந்தாச்சு, 32 இன்ச்.

அடுத்து மாடியில தண்ணி நிறுத்தினோம். முதல் நாள் ஒண்ணுமே இல்ல, எனக்கு ஒரே குஷி. ரெண்டாம் நாள் சாயங்காலம் பென்சில் கோட்டைத் தாண்டி ஈரம் நகருது, அதுவும் நடுப்பக்கம் இல்ல, குழாய் வாய் இருக்கிற மூலையைப் பார்த்து. மேஸ்திரி வந்து அந்த இடத்துல மட்டும் நாலு தட்டோட்டைப் பேத்தார், குழாயைச் சுத்தி இருந்த சிமெண்ட் கையாலயே உதிர்ந்து வந்துச்சு. அதை மட்டும் சரி பண்ணி, ஜாயின்ட் எல்லாம் சுரண்டி புதுசா பூசிக்கிட்டு இருக்காங்க. முழு மாடியையும் பேத்துப் போடணும்னு ஏற்கனவே ஒருத்தர் ஒண்ணே முக்கால் லட்சம் சொல்லியிருந்தார், அதை நான் மேல எழுதல, வெக்கமா இருந்துச்சு, கிட்டத்தட்ட அட்வான்ஸ் குடுக்கிற நிலைமையில இருந்தேன்.

பெல்ட் கான்கிரீட் போட்டு நெட்டுக்குத்து கம்பி ரெய்லிங், பில்லுல 304னு எழுதிக் குடுக்க ஒத்துக்கிட்டவருக்கே குடுத்தாச்சு. ஆசிட் எல்லாம் கழுவி முடிச்ச பின்னாடிதான் மாட்டுவேன்னு அவரே சொன்னார், நான் சொல்றதுக்கு முன்னாடியே. சொட்டு மருந்து வாங்கினேன், அடுத்தவர் ஏன் 350 கம்மின்னு ஒரே சொட்டுல தெரிஞ்சு போச்சு. பையன்கிட்ட டல்லஸ் தம்பி எழுதினதை அப்படியே படிச்சேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, ஆமாம்பா இங்கயும் ஸ்டெயின் அடிக்கணும்னு வீட்ல சொல்லிட்டே இருக்காங்கன்னான். டெக் இப்போதைக்கு இல்ல, கயித்துக் கட்டில் ரெண்டு சொல்லியிருக்கேன்.

பட்டறை தம்பி, நீங்க சொன்ன ஓட்டையைக் கடைசியா வச்சிருந்தேன். பால்கனியில மொத்தம் ஒன்பது கால். தட்டிப் பார்த்தேன், ஆறு கணீர், மூணு மந்தம். மந்தமா இருந்த முதல் காலுக்குப் பக்கத்துல உக்காந்து டிரில்லை வச்சேன், உள்ள போனதும் புஸ்ஸுன்னு ஒரு சத்தம், அப்புறம் பைப்புல இருந்து கருஞ்சிவப்பா தண்ணி கோடு மாதிரி விழுது, நிக்கவே இல்ல. கைக்கு எட்டின டம்ளரை வச்சுப் புடிச்சேன், முக்கால் டம்ளர், அடியில மணல் மாதிரி துருத்தூள். பழைய ரத்த வாடை. இத்தனை பொங்கலா அதுக்கு மேலதான் பச்சை பெயிண்ட் அடிச்சிட்டு இருந்திருக்கேன். அந்த மூணு காலும் அடியில அரிச்சுப் போச்சு, வெட்டிட்டு புதுசா ஒட்டணும், ஞாயித்துக்கிழமை வர முடியுமா? இடம் தனியா மெசேஜ் பண்றேன்.

டம்ளர் எவர்சில்வர். இனிமே அது உள்ள வரக்கூடாதுன்னு உத்தரவு ஆயிடுச்சு, இப்ப அதுல பிரஷ் ஊறுது.